காரின் மேல் ஒரு மாணிக்கத் தோல்

தம்பி தங்கைகளே, 1960களில் ஓடிய அமெரிக்கக் கார்களைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். 1964 ஏப்ரல் 17ஆம் தேதி நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு நிறுவனம் அறிமுகப்படுத்திய மஸ்டாங், அந்தக் காலத்து ஷெவர்லே கார்கள் எல்லாவற்றிலும் ஒரு அழகு உண்டு. ஜன்னல் ஓரத்திலும் கதவுக்குக் கீழேயும் நீளநீளமாகப் பளபளக்கும் பட்டைகள் ஓடும். வெள்ளியோ என்று தோன்றும். பம்பர் இரும்பால் ஆனது, அதன்மேல் குரோமியம் பூசியிருக்கும். ஆனால் பட்டைகளில் பல அலுமினியம்தான். இரும்பில் மூன்றில் ஒரு பங்கு எடை, துருவும் பிடிக்காது என்பதால் கார் செய்பவர்களுக்கு அதை ரொம்பப் பிடித்துவிட்டது.

அறுபது ஆண்டு கழித்து அதே காரைப் பாருங்கள். பட்டை மங்கி, மோர் தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும். வாங்கியவருக்குக் கை பரபரக்கும். கம்பி நாரை எடுத்து நாலு தேய் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடாதா என்று நினைப்பார். தேய்த்தால் பட்டை கெட்டுப்போகும். ஏன் என்று சொல்கிறேன்.

நாம் அலுமினியத்தை ஒருநாளும் நேராகத் தொட்டதே இல்லை. ஆமாம், உங்கள் வீட்டு இட்லிப் பானையைக்கூட! அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்ட அந்தக் கணமே ஆக்சிஜன் அதோடு சேர்ந்து, அலுமினியம் ஆக்சைடு என்ற மெல்லிய தோல் மூடிவிடுகிறது. அதன் தடிமன் ஏறத்தாழ 4 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். கத்தியால் கீறினால் கீறிய இடத்தில் உடனே புதுத் தோல் வளர்ந்துவிடும். இரும்புத் துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, உள்ளே இருக்கும் இரும்பையும் காற்றுக்குக் காட்டிக் கொடுக்கும். அலுமினியத்தின் தோல் அப்படி உதிராது. இறுக ஒட்டிக்கொண்டு காவல் காக்கும்.

இந்தத் தோல் எந்தப் பொருளால் ஆனதோ, அதே அலுமினியம் ஆக்சைடு பூமிக்கடியில் படிகமாக உறைந்து, அதில் துளி குரோமியமும் கலந்தால் அதற்கு மாணிக்கம் என்று பெயர். மோதிரத்தில் பதிக்கிற அதே சிவப்புக் கல்! எனக்கு இது தெரிந்த நாளில் அடுப்படிப் பாத்திரங்களை எல்லாம் வேறு கண்ணோடு பார்த்தேன்.

இவ்வளவு நல்ல காவல் இருந்தும் காரின் பட்டை ஏன் மங்குகிறது? அமெரிக்காவின் வட மாநிலங்களில் குளிர்காலத்தில் பனி உருகுவதற்காகச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். உப்பில் உள்ள குளோரைடு அந்தத் தோலை அங்கங்கே துளைத்துவிடும். துளைத்த இடத்தில் சின்னக் குழி விழும், வெள்ளைப் பொடி வரும். பட்டையை இரும்புத் திருகால் மாட்டியிருந்தால் இன்னும் மோசம். இரண்டு உலோகம், நடுவே உப்புத்தண்ணீர் என்றால் அது ஒரு குட்டி பேட்டரி. அதில் அலுமினியம்தான் கரைந்துபோகும்.

கார் செய்தவர்களுக்கு இது தெரியும். அதனால் தோலைத் தடிமனாக்கினார்கள். நீர்த்த கந்தக அமிலத் தொட்டியில் பட்டையை முக்கி, அதை நேர்மின்வாயாக வைத்து மின்சாரம் செலுத்தினால் ஆக்சைடு ஆயிரம் மடங்குக்கும் மேலாகத் தடித்து வளரும். கண்ணாடி போல ஒளி ஊடுருவுகிற தோல் அது. அதில் நிறைந்திருக்கும் நுண்துளைகளைக் கொதிநீரில் வைத்து மூடிவிடுவார்கள். இதற்கு அனோடைஸ் செய்வது என்று பெயர்.

இப்போது கம்பி நார் ஏன் கூடாது என்று புரிகிறதா? அது தடித்த தோலைத் திட்டுத்திட்டாகக் கிழிக்கும். பாதி தோலோடும் பாதி தோலில்லாமலும் பட்டை அசிங்கமாகிவிடும். தோல் நன்றாக இருக்கும் பட்டைக்கு மென்மையான சோப்புத் தண்ணீரும் பஞ்சுத் துணியும் போதும். அதற்கு மேல் எதுவும் செய்யக் கூடாது.

தோலே புண்ணாகிவிட்டால்? அப்போது அதை முழுதாக உரித்துவிட்டுத்தான் பாலிஷ் போட வேண்டும். காஸ்டிக் சோடா அந்த ஆக்சைடைக் கரைக்கும். தோல் தீர்ந்து உலோகத்தைத் தொட்டதும் ஹைட்ரஜன் குமிழிகள் புசுபுசுவென்று கிளம்பும். காஸ்டிக் சோடா கண்ணையும் கையையும் பொசுக்கிவிடும், ஹைட்ரஜன் தீப்பிடிக்கும். அதனால் இந்த வேலை கையுறையும் கண்ணாடியும் போட்ட பெரியவர்களுக்கு மட்டும். நீங்கள் பக்கத்தில்கூட நிற்கக் கூடாது.

இனி உப்புத்தாள் வேலை. முதலில் 400 எண் தாள், பிறகு 600, 1000, 2000. எண் கூடக் கூட மணல் பொடியாகும். ஒவ்வொரு தாளையும் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பார்கள். கைதேர்ந்தவர் ஒருவர் வேலை செய்வதைக் கவனியுங்கள். 400ஆல் நீளவாக்கில் தேய்த்தால் 600ஆல் குறுக்குவாக்கில் தேய்ப்பார். பழைய நீளக் கீறல் ஒன்று மிச்சம் இருந்தாலும் குறுக்குக் கீறல்களுக்கு நடுவே அது கண்ணில் பட்டுவிடும். அது மறைந்தால்தான் அடுத்த தாள். அவசரப்பட்டுத் தாவினால் அந்த ஒரு கீறல் கடைசிவரை நின்று காட்டிக் கொடுக்கும்.

பாலிஷ் என்றால் கீறலே இல்லாமல் செய்வது என்று நினைக்கிறோம். உண்மையில் பெரிய கீறலைச் சின்னக் கீறலாக மாற்றிக்கொண்டே போகிறோம், அவ்வளவுதான். நாம் காணும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர். மேடுபள்ளம் அதைவிட மிகச் சிறியதாகிவிட்டால் ஒளி சிதறாமல் ஒரே திசையில் திரும்பும். உங்கள் முகம் பட்டையில் தெரியும். கடைசிக் கட்டத்தில் பஞ்சுத் துணிச் சக்கரத்தில் வெள்ளைக் கட்டியைத் தடவித் தேய்ப்பார்கள். அந்தக் கட்டியில் இருப்பது என்ன தெரியுமா? அலுமினியம் ஆக்சைடுப் பொடி! மாணிக்கத்தின் உறவை வைத்தே அலுமினியத்தை மெருகேற்றுகிறார்கள். துணி கரிபோலக் கறுத்துவிடும். அது அழுக்கில்லை. அலுமினியத் துகள் மிக மிகப் பொடியானால் ஒளி அதற்குள் புகுந்து வெளியே வர முடியாமல் சிக்கிக்கொள்கிறது, அதனால் கறுப்பாகத் தெரிகிறது.

பாலிஷ் முடிந்த கணத்திலேயே புதுத் தோல் வந்துவிடும். ஆனால் அது பழையபடி 4 நானோமீட்டர் தோல்தான். மழையும் உப்பும் பட்டால் சீக்கிரம் மங்கும். அவ்வப்போது மெழுகு பூச வேண்டும், அல்லது மறுபடி அனோடைஸ் செய்ய வேண்டும். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் நல்லது.

நீங்களே செய்து பார்க்க மூன்று சோதனை சொல்கிறேன். உணவுப் பொட்டலம் கட்டும் அலுமினியத் தாளில் ஒரு பக்கம் மினுமினுப்பாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருக்கும். இரண்டும் ஒரே உலோகம். கடைசியாக உருட்டும்போது இரண்டு தாளைச் சேர்த்து உருட்டுவதால், எஃகு உருளை பட்ட பக்கம் வழவழப்பாகிறது, தாளும் தாளும் ஒட்டிய பக்கம் சொரசொரப்பாகிறது. இரண்டாவது, அலுமினிய இட்லிப் பானையின் உள்ளே கறுத்திருந்தால், கரைத்துப் பிழிந்த புளிச்சக்கையைப் போட்டு அம்மாவையோ அப்பாவையோ தண்ணீர் கொதிக்க வைக்கச் சொல்லுங்கள். புளியின் அமிலம் கறுத்த தோலைக் கரைப்பதால் பானை வெளுப்பதைப் பார்க்கலாம்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. ஆக்சைடு வழியே மின்சாரம் போகாது. பழைய கார் பட்டையில் அனோடைஸ் தோல் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க, மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் அதன்மேல் வைத்துப் பார்ப்பார்கள். 'பீப்' என்று கத்தினால் அனோடைஸ் தோல் இல்லை, இயல்பான மெல்லிய தோலை முனை எளிதில் குத்திவிட்டது என்று பொருள். பேசாமல் இருந்தால் தடித்த தோல் இருக்கிறது. வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, முதலில் அலுமினியத் தட்டு மூடியிலும் பிறகு அனோடைஸ் செய்த ஜன்னல் சட்டத்திலும் மெதுவாக வையுங்கள். மூடி கத்தும், ஜன்னல் கத்தாது.