மருத்துவர் சுவரில் ஒட்டிய கடிதம்

சளி பச்சையாக மாறினால் வீட்டில் எல்லோரும் கலங்கிவிடுவார்கள். “முத்திப்போச்சு, ஆன்டிபயாடிக் போட்டாத்தான் சரியாகும்” என்று யாராவது தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். அந்தப் பச்சை எங்கிருந்து வருகிறது தெரியுமா? நம் வெள்ளை அணுக்களிடமிருந்துதான். கிருமியோடு மல்லுக்கட்ட மூக்குக்கு ஓடிவரும் அவற்றுக்குள் இரும்பு கலந்த நொதி ஒன்று இருக்கிறது. அதன் நிறமே பச்சை. ஆகவே, வந்திருப்பது வைரஸா பாக்டீரியாவா என்று சளியின் நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

மூக்கு ஒழுகும் சாதாரண சளிக்குக் காரணம் வைரஸ். ரைனோ வைரஸில் மட்டுமே 150-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. நெஞ்சுச்சளி இருமலும் பெரும்பாலும் வைரஸின் வேலைதான். அது அடங்க மூன்று வாரம்கூட ஆகும். பென்சிலின் போன்ற ஆன்டிபயாடிக், பாக்டீரியா தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் சுவரைக் கட்டவிடாமல் கெடுக்கிறது. வைரஸுக்கோ அப்படிச் சுவரே கிடையாது. இல்லாத சுவரை இடிக்கக் கடப்பாரை எதற்கு?

சளியை ஒன்றும் செய்யாத அந்த மருந்து உடம்புக்குள் சும்மாவும் இருக்காது. குடலில் நமக்கு உதவியாக வாழும் பாக்டீரியாக்களைக் கொல்லும், வயிற்றுப்போக்கு வரலாம். மருந்துக்கு மசியாதவை தப்பிப் பெருகும். ஈ.கோலை பாக்டீரியா வசதியான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகிவிடும். எதிர்க்கும் திறனைத் தரும் மரபணுவைப் பக்கத்து பாக்டீரியாவுக்குக் கொடுக்கவும் அவற்றுக்குத் தெரியும்!

இதெல்லாம் மருத்துவருக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவை நினைத்துப் பாருங்கள். நடு இரவு, நீண்ட வரிசை. சளியோடு வந்த குழந்தையை அவர் முன்பு பார்த்ததில்லை. நாளை பார்ப்பாரா என்பதும் நிச்சயமில்லை. எதிரே கவலையோடு பெற்றோர். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று கை ஆன்டிபயாடிக்கை எழுதிவிடுகிறது. அறிவு போதாததால் வரும் தவறல்ல இது.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் ஆய்வாளர்கள் இதற்கொரு வேடிக்கையான வழி கண்டார்கள். ‘தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் தரமாட்டேன்’ என்ற உறுதிமொழிக் கடிதம். அதில் மருத்துவரின் புகைப்படமும் கையெழுத்தும். பெரிதாக அச்சடித்து, நோயாளியைப் பார்க்கும் அறையிலேயே 12 வாரம் ஒட்டிவைத்தார்கள். புது மருந்தோ கருவியோ எதுவும் இல்லை. ஒட்டியவர்களிடம், ஆன்டிபயாடிக் தேவைப்படாத சளி, இருமலுக்கு அதை எழுதுவது சுமார் 43 சதவீதத்திலிருந்து 34 சதவீதமாகக் குறைந்தது. ஒட்டாதவர்களிடம் சுமார் 53 சதவீதத்துக்கு ஏறியது. 2014-இல் இது வெளியானது. பிறகு அமெரிக்காவின் சில அவசர சிகிச்சைப் பிரிவுகளிலும் வேறு சில உத்திகளோடு சேர்த்து இதைச் சோதித்தார்கள். அங்கேயும் குறைந்தது. ஊரறியச் சொன்ன வார்த்தையை மீற யாருக்கும் கூச்சமாகத்தானே இருக்கும்!

எல்லா நெஞ்சு, தொண்டை நோய்க்கும் ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்ட்ரெப் என்ற பாக்டீரியாவால் வரும் தொண்டைப் புண்ணுக்கும், பாக்டீரியாவால் வரும் நிமோனியாவுக்கும் அது கட்டாயம் வேண்டும். மூச்சு வேகமாக வாங்கினாலோ, மூச்சுவிடும்போது விலா உள்ளே இழுத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

அடுத்த முறை வீட்டில் மாத்திரை அட்டையைப் பார்த்தால், அதில் நெடுக ஒரு சிவப்புக் கோடு இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால், அது ஆன்டிபயாடிக்காக இருக்கலாம்; மருத்துவர் சீட்டு இல்லாமல் அந்த மாத்திரையை யாரும் விழுங்கக் கூடாது. போன வருடம் மிஞ்சியதாக இருந்தாலும் கூடாது. பாட்டியிடமும் சொல்லிவிடுங்கள்.