பாடற்குழுவின் புத்தகத் தாங்கி

மேனாட்டு ஞானப்பாட்டு பெரும்பாலும் நின்று பாடப்படுவது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வளர்த்த கீர்த்தனை மரபோ தரையில் அமர்ந்து பாடுவதற்கும் இசைவது. ஆகவே பாடற்குழுவின் புத்தகத் தாங்கி இரண்டிற்கும் ஒரே அளவினதாயிருத்தல் இயலாது.

நின்று பாடுவோர்க்குரிய தாங்கியின் மூன்று கால்களும் அகன்று ஊன்ற வேண்டும். ஏட்டின் மேல்விளிம்பு மோவாய்க்குக் கீழேயே அமைதல் வேண்டும்; உயர்ந்தால் குரல் தாளில் தடைப்படும், முகமும் சபைக்கு மறையும்.

கொடைக்கானல் மேல்மலையிலுள்ள போளூர் போன்ற சிற்றூரில் பாய்மேல் அமர்ந்து பாடுவோர்க்கு, குறுக்காக விரிந்து மடங்கும் தாழ்ந்த மரத் தாங்கியே ஏற்றது. அங்குள்ள மழையிலும் மூடுபனியிலும் இரும்பு துருப்பிடிக்கும். மரமும் ஈரமேறி உப்பும். ஆதலால் மடிப்பில் சிறிது இடைவெளி விட்டு, மரத்திற்கு எண்ணெய் பூசுதல் நலம்.

பாடல் சபையை நோக்கியது. ஆயர் ஒருமுறை கடைசி வரிசையில் அமர்ந்து, பாடுவோரின் முகம் தெரிகின்றதா என்று பார்ப்பாராக.