இழுத்துக்கொண்ட கால் எப்படி மறுபடி நடக்கிறது, தெரியுமா?

பெரிய ரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்தால், சிகிச்சை தொடங்காத ஒவ்வொரு நிமிடமும் மூளையில் ஏறக்குறைய 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன, தெரியுமா? ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் கெடு. வாய் கோணி, பேச்சுக் குழறினால் நேரே ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு ஓடுங்கள். எண்ணெய் தேய்த்து உருவிப் பார்க்கிற வேலையெல்லாம் வேண்டவே வேண்டாம்!

செத்த அணு திரும்பி வராது. அப்படியென்றால் கை கால் விழுந்தவர் ஆறு மாதம் கழித்துச் சந்தைக்கு நடந்து போகிறாரே, அது எப்படி?

1959இல் நியூயார்க்கில் பேட்ரோ பாக்-இ-ரீட்டா என்ற 65 வயதுப் பேராசிரியருக்கு ஒரு பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மகன் ஜார்ஜ், அப்பாவை நடக்கச் சொல்லவில்லை. குழந்தை மாதிரி தவழச் சொன்னார்! சுவரில் தோளைச் சாய்த்து மாதக்கணக்கில் தவழ்ந்தார் மனிதர். அக்கம்பக்கத்தார் முகம் சுளித்தார்கள். பிறகு முட்டி போட்டார், நின்றார், நடந்தார். 68 வயதில் மறுபடி கல்லூரிக்குப் போய்ப் பாடமும் நடத்தினார். பக்கவாதம் வந்து ஏழு ஆண்டுகள் கழித்து, கொலம்பியாவில் மலை ஏறியபோது மாரடைப்பில் இறந்தார். மூளையை அறுத்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புகளில் 97 விழுக்காடு அழிந்து கிடந்தன, அந்தச் சேதம் ஆறவேயில்லை! மிச்சமிருந்த நரம்புகள் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டுதான் அவரை மலையேற்றியிருக்கின்றன. இன்னொரு மகன் பால், மூளை தன்னைத் தானே மாற்றி அமைத்துக்கொள்ளும் என்று உலகுக்குச் சொன்ன முன்னோடிகளில் ஒருவரானார்.

நடையின் அடிப்படைத் தாளம் தண்டுவடத்திலேயே இருக்கிறது என்பது தெரியுமா? பூனைகளை வைத்து ஆய்வாளர் கிரஹாம் பிரௌன் இதை 1911இலேயே காட்டிவிட்டார். வெளியிலிருந்து வரும் தாளமும் காலைத் தூக்கிவிடும். மைக்கேல் தாவுட் என்பவர் சீரான தட்டலைக் கேட்டபடி நடக்கவைத்தார். பக்கவாதக்காரர்களின் காலடி நீண்டது, நடை சீரானது. தைப்பூசத்தன்று குனோங் சீரோ கல்லுமலையில் உறுமி முழங்கும்போது ஓய்ந்த காலும் துள்ளுவதைப் பார்த்த ஈப்போக்காரர்கள் இதற்கெல்லாம் அசரமாட்டார்கள்.

இப்போது ரோபோ! ஈப்போ மேரு ராயாவில் சொக்சோவின் நரம்பு-ரோபோ மறுவாழ்வு மையம் எழுந்திருக்கிறது. ஜப்பான் பேராசிரியர் யோஷியுகி சங்காய் உருவாக்கிய 'ஹால்' கவசத்தைக் காலில் கட்டிக்கொண்டால் போதும். நடக்க நினைத்ததும் தோலின் மேல் வந்து சேரும் நுண்ணிய மின்குறிப்பை அது பிடித்து, காலை நகர்த்திக் கொடுக்கிறது.

ஆனால் இதைவிடப் பெரிய அதிசயம் ஒன்று உண்டு. 2011இல் அமெரிக்காவில் பக்கவாதம் வந்த 408 பேரைப் பிரித்து, சிலரைக் கச்சையில் தொங்கவிட்டு ஓடுபொறியில் நடக்கவைத்தார்கள். மற்றவர்களுக்கு ஃபிசியோ வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுத்தார். ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரு தரப்பும் சமம், 52 விழுக்காட்டினர் முன்னேறியிருந்தார்கள்! இயந்திரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது கிடைக்காதவர் தலையில் கை வைக்க வேண்டாம். சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டம் செம்பனையாகி, தாமான் வீட்டுக்குக் குடிவந்த பாட்டிக்கு வரவேற்பறையும் வாசல் கைப்பிடியுமே போதுமான களம். எண்ணிக்கைதான் முக்கியம். 2009இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் கணக்கெடுத்தபோது, ஒரு பயிற்சி நேரத்தில் நோயாளி சராசரியாக எடுத்துவைத்தது வெறும் 357 அடி! விடியலில் நிரை பிடித்து நானூறு ஐந்நூறு ரப்பர் மரம் வெட்டிய பாட்டிக்கு அது எந்த மூலைக்கு?

அதற்காக முதல் நாளே இழுத்து நிறுத்தாதீர்கள். 2,104 பேரை வைத்து நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. 24 மணி நேரத்துக்குள் எழுப்பித் தீவிரமாகப் பயிற்சி கொடுத்தவர்களின் நிலை, நிதானமாக எழுப்பப்பட்டவர்களைவிடச் சற்று மோசமாகவே இருந்தது. எப்போது எழுப்புவது என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

தனியாகப் பயிற்சி செய்யச் சலிப்பா? பக்கவாதத்தில் விழுந்து எழுந்த ஜேனட் இயோ என்ற பெண்மணி 1996இல் தொடங்கிய நாசாம் சங்கத்துக்கு ஈப்போவிலும் மையம் உண்டு.

கடைசியாக, கைத்தடி. அதை நல்ல கையில்தான் பிடிக்க வேண்டும், தெரியுமா? பலர் விழுந்த பக்கமே ஊன்றப் பார்க்கிறார்கள். அதன் நுனியில் இருக்கும் ரப்பருக்கும் நம் பேராக்குக்கும் பழைய உறவு. 1877இல் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ கோலாகங்சாரில் நட்ட கன்றுகளில் ஒன்று, மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் இன்னும் மரமாக நிற்கிறது. அந்த ரப்பர் நுனியை மாதம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். வரிகள் தேய்ந்து வழவழப்பாகியிருந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். ஈரக் குளியலறைத் தரையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால், பட்ட பாடெல்லாம் மறுபடி முதலிலிருந்து!