பெக்கப் மென்பொருள் எமது தரவுத்தளங்களை எப்படித் தேடிக் கண்டுபிடிக்கிறது? அதை மட்டும் நம்பி இருக்கலாமா?

2023 ஆகஸ்ட் மாதம் அரச நிறுவனங்களின் கிளவுட் முறைமை மீது கப்பம் கோரும் ரான்சம்வெயார் தாக்குதல் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். முறைமையைத் திரும்ப இயக்க முடிந்தது. ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்கு காப்புப் பிரதி இருக்கவில்லை. அவை போனவைதான்.

அரசாங்கத்துக்கே இப்படியென்றால், எமது மொத்த வியாபாரக் கடைகள், தனியார் வைத்தியசாலைகள், பாடசாலை அலுவலகங்கள் எந்த நிலையில் இருக்கின்றன? கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "பெக்கப் சொப்ட்வெயார் போட்டிருக்கிறோம், அது எல்லாவற்றையும் தானாகவே கண்டுபிடித்து எடுத்துக்கொள்ளும்" என்பதுதான். அந்த "தானாகவே" என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு விடயம். தங்களிடம் தரவுத்தள சேர்வர் இருப்பதே பல கடைக்காரர்களுக்குத் தெரியாது. பில் போடும் மென்பொருளையோ கணக்கு மென்பொருளையோ நிறுவும்போது, அதனுடன் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் எஸ்.கியூ.எல். சேர்வர் எக்ஸ்பிரஸ் என்ற இலவசப் பதிப்பும் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடுவதுண்டு. கடனாளிகளின் பட்டியல், கையிருப்பு, ஐந்து வருடக் கணக்கு எல்லாம் காசாளர் மேசைக்குக் கீழே இருக்கும் அந்தப் பெட்டியில்தான். ஆகவே தேடிக் கண்டுபிடிக்கும் வசதி என்பது வீண் அலங்காரம் அல்ல. உரிமையாளருக்கே தெரியாததைத் தேடித் தருவதற்காகத்தான் அது இருக்கிறது.

அது எப்படித் தேடுகிறது? ஆசிரியர் ஒருவர் இடாப்பு இல்லாமல் வகுப்புக்குள் நுழைந்து, "யாரெல்லாம் இருக்கிறீர்கள்?" என்று கேட்பதைப் போன்றது முதலாவது வழி. பெக்கப் மென்பொருள் வலையமைப்பில் உள்ள எல்லாக் கணினிகளுக்கும் ஒரேநேரத்தில் ஒரு கேள்வியை அனுப்புகிறது. யூ.டி.பி. 1434 என்ற போர்ட் இலக்கத்துக்குச் செல்லும் அந்தக் கேள்வியின் அளவு ஒரேயொரு பைட். எஸ்.கியூ.எல். சேர்வர் உள்ள கணினியில் பிரவுசர் என்றொரு சிறு சேவை விழித்திருந்தால், அது தன் கணினியின் பெயர், சேர்வரின் பெயர், பதிப்பு, எந்தப் போர்ட்டில் பேசலாம் என்பவற்றைத் திருப்பிச் சொல்லும். சில விநாடிகள் காத்திருந்து, வந்த பதில்களை மென்பொருள் பட்டியலாகக் காட்டும்.

பதில் சொல்லாத பிள்ளை? அந்தப் பிள்ளை வகுப்பிலேயே இல்லாததாகத்தான் கணக்கு! பிரவுசர் சேவை நிறுத்தப்பட்டிருந்தால் பதில் வராது. தீச்சுவர் மறித்தாலும் வராது. மறைத்து வைக்கும்படி அமைக்கப்பட்ட சேர்வரும் வாய் திறக்காது. எக்ஸ்பிரஸ் பதிப்போ நிறுவியவுடன் வெளியிலிருந்து வரும் தொடர்புகளை ஏற்காத நிலையிலேயே இருக்கும். இந்தக் கேள்வி ரவுட்டரைத் தாண்டியும் போகாது, அதாவது பக்கத்துக் கட்டடத்து வகுப்புக்குக் கேட்காது. இரண்டு தடவை தேடினால் இரண்டு விதமான பட்டியல் வரக்கூடும் என்பதை மைக்ரோசொப்ட் நிறுவனமே தன் ஆவணங்களில் சொல்லியிருக்கிறது.

இரண்டாவது வழி இடாப்பைப் பார்ப்பது. பெரிய நிறுவனங்களில் எக்டிவ் டிரெக்டரி என்ற பதிவேட்டில் கணினிகளும் சேவைகளும் பதியப்பட்டிருக்கும். பதில் சொல்லாதவரையும் அது காட்டிக்கொடுக்கும். ஆனால் பாடசாலையை விட்டு விலகிய பிள்ளையின் பெயர் வெட்டப்படாமல் கிடப்பதுபோல, எப்போதோ கழற்றி எறிந்த சேர்வரின் பெயரும் அதில் கிடக்கும். மூன்றாவது, ஒவ்வொரு கணினியின் கதவையும் தட்டிப் பார்ப்பது. எஸ்.கியூ.எல். சேர்வருக்கு 1433, மைஎஸ்.கியூ.எல்.க்கு 3306, போஸ்ட்கிரெஸுக்கு 5432, ஒரக்கிளுக்கு 1521 என்பன வழமையான இலக்கங்கள். யாராவது இலக்கத்தை மாற்றி வைத்திருந்தால் இதுவும் தவறும். என் பார்வையில் நம்பத்தக்கது நான்காவது வழிதான்: ஒவ்வொரு கணினியிலும் ஒரு சிறு முகவர் மென்பொருளை நிறுவி, உள்ளே என்ன இருக்கிறது என்று அங்கேயே பார்க்கச் செய்வது. வேலை கூடியது, ஆனால் ஊகம் குறைவு.

அப்படியானால் எல்லாச் சேர்வர்களையும் உரக்கப் பதில் சொல்ல விட்டுவிடலாமே என்று தோன்றலாம். அதற்கு 2003 ஜனவரி 25 இல் நடந்ததைப் பார்க்க வேண்டும். அன்று ஸ்லாமர் என்ற புழு உலகெங்கும் பரவியது. அது நுழைந்த வாசல் இதே 1434 தான். 376 பைட் அளவே கொண்ட அது சுமார் 75,000 கணினிகளைத் தொற்றியது, பெரும்பாலானவற்றைப் பத்தே நிமிடங்களில். அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் ஆறு மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது, பலர் நிறுவவில்லை. அதனால்தான் கவனமான தொழில்நுட்பவியலாளர்கள் அந்த வாசலை மூடி வைக்கிறார்கள். மூடியதும் தானியங்கித் தேடலுக்குக் கண் தெரியாமல் போகிறது. இரண்டும் ஒரே கதவு என்பதை மறந்துவிடுகிறோம்.

கண்டுபிடித்த பிறகும் வேலை முடியவில்லை. பட்டியலில் பெயர் வருவது ஒன்று, பிரதி எடுக்க அனுமதி கிடைப்பது வேறொன்று. சரியான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுக்காவிட்டால் மென்பொருள் வாசலிலேயே நிற்கும். இன்னொரு பொறியும் இருக்கிறது. சேர்வருக்குள் இருக்கும் தரவுத்தளங்களை ஒவ்வொன்றாகத் தெரிவு செய்து சரி அடையாளம் இட்டிருந்தால், அடுத்த ஜனவரியில் புதிய ஆண்டுக்கென்று திறக்கும் தரவுத்தளம் அதில் சேராது. பழைய ஆண்டின் கணக்கு இரவுதோறும் ஒழுங்காகப் பிரதியாகிக்கொண்டிருக்கும், திரையில் பச்சை நிறம் தெரியும், நடப்பு ஆண்டுக் கணக்கு மட்டும் எங்கும் இருக்காது. "அனைத்துத் தரவுத்தளங்களும்" என்ற தெரிவைப் போட்டிருந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

ஆகவே கணினிகளைப் பராமரிக்க வருபவரிடம் ஒரு வேலையைச் சொல்லுங்கள். மென்பொருள் காட்டும் பட்டியலை அச்சிட்டு எடுக்கட்டும். பிறகு அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களும் அவருமாகக் கடையில் அல்லது அலுவலகத்தில் உள்ள ஒவ்வொரு கணினியின் முன்னும் நின்று, இதில் எந்த மென்பொருள் ஓடுகிறது, அதன் தரவு எங்கே சேமிக்கப்படுகிறது என்று எழுதுங்கள். களஞ்சியத்தில் இருக்கும் பழைய கணினியையும் விட வேண்டாம். தாளில் இல்லாத ஒன்று கிடைத்தால் அதைக் கையாலேயே சேர்க்கச் சொல்லுங்கள். அடுத்ததாக, நேற்றைய பிரதியை வேறொரு கணினியில் மீளப்பெற்று, நேற்றுப் போட்ட கடைசி பில்லைத் திறந்து காட்டும்படி கேளுங்கள். எடுத்த பிரதிகளில் ஒன்றாவது வலையமைப்பில் இணைக்கப்படாத வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறதா என்றும் அதே நாளிலேயே பார்த்துவிடலாம்.