ஹார்பர் லைன் ஓரத்துக் கல்லறைகள்

மும்பைத் தமிழர் குடியிருப்புகளை ஒரே நூலில் கோக்கும் தண்டவாளம் ஒன்று உண்டென்றால் அது ஹார்பர் லைன். செம்பூரில் ஏறுபவருக்கு ஆறாவது நிலையம் சிவ்ரி. மாதுங்காவாசி கிங்ஸ் சர்க்கிளில் ஏறினால் இரண்டாவது. தாராவியின் மேற்கு விளிம்பில் இருக்கும் மாஹிமிலிருந்து வருபவருக்கு மூன்றாவது. நாள்தோறும் இந்நிலையத்தைக் கடந்து வேலைக்குச் செல்லும் நம் வாடிக்கையாளர் பலர், நிலையத்திலிருந்து சிறிது தொலைவில் மரங்களின் நிழலில் விரிந்து கிடக்கும் கல்லறைத் தோட்டத்தை ஒருமுறையேனும் உள்ளே சென்று பார்த்திருக்க மாட்டார்கள்.

கல்லறைத் திருநாளான நவம்பர் 2ஆம் நாள் நாம் அங்குச் சென்றோம். வாயிலில் சாமந்தி மாலையும் மெழுகுவத்தியும் விற்பனையாகிக் கொண்டிருந்தன. மராத்தி, கொங்கணி, இந்தி, ஆங்கிலம், தமிழ் என்று எல்லா மொழிகளிலும் செபங்கள் ஒலித்தன. தாராவியிலிருந்து வந்திருந்த அம்மையார் ஒருவர், தந்தையின் கல்லறையைக் கழுவித் துடைத்து மாலையிட்டுவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதில் அடக்கச் சீட்டும், இறப்புச் சான்றிதழும், வங்கிக் கணக்குப் புத்தகமும் ஒன்றாக இருந்தன.

“எங்க தாத்தாவையும் இங்கதான் அடக்கம் பண்ணினாங்களாம். எந்த இடம்னு சொல்ல இப்ப ஆள் இல்ல. அப்பாவுக்காவது சீட்டு வச்சிருக்கேன்” என்றார் அவர்.

அந்தச் சொற்களே இக்கட்டுரைக்கு வித்தாயின. மண்ணுக்குள் சென்றவரின் பெயர் மண்ணுக்கு மேலே நிலைத்திருப்பது எதனால்? புகழாலா, கல்லாலா, நினைவில் வைத்திருக்கும் மனிதர்களாலா? இந்நகரில் துயிலும் பெருமக்கள் சிலரைக் கண்டு வந்தால் விடை கிடைக்கக்கூடும் என்று கருதினோம்.

பூந்தோட்டம் கல்லறைத் தோட்டமான கதை

சிவ்ரியின் இந்நிலம் ஒருகாலத்தில் மேற்கிந்திய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் தாவரத் தோட்டமாக இருந்தது. நகரம் பெருகி, பழைய இடுகாடுகள் நிரம்பியபோது, 1865இல் மாநகராட்சி ஆணையர் ஆர்தர் கிராஃபோர்டு இதனைக் கல்லறைக்கென எடுத்துக்கொண்டார். கிராஃபோர்டு மார்க்கெட் என்று நாம் இன்றும் அழைக்கும் சந்தைக்குப் பெயர் தந்தவர் இவரே. தொடக்கத்தில் ஐரோப்பியருக்கென ஒதுக்கப்பட்ட இடம், பின்னர் நகரத்துக் கிறித்தவர் அனைவருக்கும் உரியதாயிற்று.

ஹார்பர் லைன் சென்று முடியும் சத்ரபதி சிவாஜி மகாராஜ் நிலையத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் இதே லைனின் ஓரத்தில் உறங்குகிறார் என்பது பலரும் அறியாத செய்தி. 1847இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்த ஃபிரடெரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ், இளம் பொறியாளராக இந்தியாவுக்கு வந்தார். 1878இல் தொடங்கிய அந்த நிலையத்தின் கட்டுமானம் முடியப் பத்தாண்டுகள் ஆயின. அதற்கு எதிரே 1893இல் நிறைவுற்ற மாநகராட்சித் தலைமையகமும், சர்ச்கேட்டில் உள்ள மேற்கு ரயில்வே தலைமையகமும் அவர் வரைந்தவையே. 1900 மார்ச்சில் மலேரியா அவரைக் கொண்டு சென்றது. அப்போது வயது 52. அவர் கட்டிய நிலையம் 2004இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. நாள்தோறும் இலட்சக்கணக்கானோர் அதன் வளைவுகளின் கீழ் நடக்கின்றனர். அவர் கல்லறையைத் தேடி வருவோர் மிகச் சிலர்.

மேயரும் கவிஞரும்

சிவ்ரியில் அடக்கமான மற்றொருவர் ஜோசப் பாப்டிஸ்டா. ‘காகா’ என்று மக்கள் அன்போடு அழைத்த இந்த வழக்கறிஞர் 1864இல் மஜகாவ்ன் பகுதியிலுள்ள மாத்தர்பாக்காடியில் பிறந்தார். லோகமான்ய திலகரின் நெருங்கிய தோழராகவும் சட்டத்துணையாகவும் விளங்கினார். சுயராஜ்யம் பிறப்புரிமை என்ற திலகரின் புகழ்பெற்ற முழக்கத்துக்குச் சொல் தந்தவர் இவர்தாம் என்று கூறுவதுண்டு. 1916இல் திலகர் தொடங்கிய தன்னாட்சி இயக்கத்தின் முதல் தலைவரும், 1920இல் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் உருவாகத் துணைநின்றவர்களுள் ஒருவரும் அவரே. 1925இல் பம்பாயின் மேயரானார். 1930 செப்டம்பரில் மறைந்தார்.

திலகர் 1920 ஆகஸ்டு 1ஆம் நாள் காலமானபோது அவர் உடல் கிர்காவ் கடற்கரையில் எரியூட்டப்பட்டது. அவ்விடத்தில் எழுந்த சிலையைக் கடற்கரைக்குச் செல்வோர் அனைவரும் காண்கின்றனர். ஒரே குறிக்கோளுக்காக உழைத்த நண்பர் இருவர். ஒருவர் கடல் மணலில், மற்றவர் சிவ்ரி மண்ணில். ஒருவர் பெயரைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். மற்றவர் பெயரைச் சொன்னால் மும்பைவாசிகளே சற்று யோசிக்கின்றனர்.

மூன்றாமவர் கவிஞர் டாம் மொரேஸ். 1938இல் பம்பாயில் பிறந்து, இருபது வயதளவிலேயே முதல் கவிதைத் தொகுதிக்கு இங்கிலாந்தின் ஹாதார்ன்டென் பரிசைப் பெற்றவர். 2004 ஜூன் 2ஆம் நாள் மறைந்து சிவ்ரியில் அடக்கமானார். அவர் கதை அத்துடன் முடியவில்லை. இங்கிலாந்தின் ஆட்கம்ப் என்னும் சிற்றூரிலிருந்து புறப்பட்டு, பெரும்பாலும் கால்நடையாகவே இந்தியா வந்து, 1617இல் சூரத்தில் இறந்த தாமஸ் கோரியட் என்ற பயணியைப் பற்றி மொரேஸ் தம் இறுதிக் காலத்தில் ஆராய்ந்து கொண்டிருந்தார். ஆகவே அவர் மறைந்தபின், நண்பரும் எழுத்தாளருமான சரயூ ஸ்ரீவத்சா, சிவ்ரிக் கல்லறையின் மண்ணில் சிறிதளவை எடுத்துச் சென்று ஆட்கம்ப் மண்ணில் சேர்த்தார். ஆட்கம்பின் மகன் குஜராத் மண்ணில் கிடக்க, மும்பையின் மண் ஆட்கம்பில் கிடக்கிறது.

ஆக்ஸ்போர்டில் ஒரு தமிழ் நன்றி

இச்செய்தி தமிழராகிய நமக்கு வேறொரு கல்லறையை நினைவூட்டுகிறது. திருநெல்வேலிச் சீமையில், சாயர்புரத்தில் பணியாற்றி, 1886இல் திருக்குறளையும் 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப், 1908 பிப்ரவரியில் மறைந்து ஆக்ஸ்போர்டின் செயின்ட் செபல்கர் கல்லறையில் அடக்கமானார். தம் கல்லறையில் ‘ஒரு தமிழ் மாணவன்’ என்று பொறிக்க வேண்டினார் என்று மேடைதோறும் கேட்டிருக்கிறோம். அக்கல்லில் உண்மையில் காணப்படும் செய்தி அதனினும் நெகிழ்ச்சி தருவது: குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து அக்கல்லை நாட்டியதாக அது கூறுகிறது. கடல் கடந்த ஒரு கல்லறையில் பெயர் நிலைக்கத் தமிழ் நண்பர்கள் முன்வந்தனர்.

தாராவித் தமிழர் பலரின் பூர்வீகமும் அதே திருநெல்வேலிச் சீமைதான். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தந்த கால்டுவெல் 1891இல் கொடைக்கானலில் மறைந்தபோது, அவர் உடல் மலையிறங்கி நெடுந்தொலைவு கடந்து இடையன்குடிக்கு வந்தது. தாமே எழுப்பிய ஆலயத்தினுள் அவர் துயில்கிறார். உழைத்த மண்ணிலேயே உறங்க வேண்டும் என்பது அவர் காலத்துப் பெருவிருப்பு. பிழைக்க வந்த ஊரிலேயே உறங்குவது இன்றைய மும்பைத் தமிழரின் இயல்பு.

தாராவியின் இரு பக்கங்களிலும்

தாராவியிலிருந்து நடந்தே செல்லும் தொலைவில் மாஹிம் தர்கா உள்ளது. அங்கு அடங்கியிருக்கும் மக்தூம் அலி மாஹிமி 1372இல் பிறந்து 1431இல் மறைந்த பேரறிஞர். திருக்குர்ஆனுக்கு விளக்கவுரை எழுதிய தொடக்ககால இந்திய அறிஞர்களுள் முதன்மையானவர். போர்ச்சுக்கீசியர் இத்தீவுகளைப் பெறுவதற்கு நூறாண்டுகள் முன்பே அவர் இங்கு வாழ்ந்து முடித்துவிட்டார். ஆண்டுதோறும் டிசம்பரில் பத்து நாள் நடைபெறும் உரூஸ் விழாவில், முதல் மரியாதையைச் செலுத்துபவர்கள் மும்பைக் காவல்துறையினர். சாதி, சமயம் பாராமல் மக்கள் கூடுகின்ற அவ்விழாவுக்குத் தோல் தொழிலை நம்பித் தமிழகத்திலிருந்து வந்து தாராவியில் குடியேறிய இஸ்லாமியக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சென்று வருகின்றன.

அங்கிருந்து கடலோரமாகத் தெற்கே சென்றால் தாதரில் சைத்யபூமி. 1956 டிசம்பர் 6ஆம் நாள் தில்லியில் மறைந்த டாக்டர் அம்பேத்கரின் உடல் மும்பைக்குக் கொண்டுவரப்பட்டு, மறுநாள் தாதர் கடற்கரையில் எரியூட்டப்பட்டது. அவ்விடத்தில் பின்னர் எழுந்த தூபியில் அவரது அஸ்தி வைக்கப்பட்டுள்ளது. ஒவ்வோராண்டும் டிசம்பர் 6இல் இலட்சக்கணக்கான மக்கள் அங்கு வந்து வணங்குகின்றனர். தாராவித் தமிழர்களும் நீல நிறக் கொடி ஏந்தி அக்கூட்டத்தில் கலக்கின்றனர். அன்று தாதரில் விற்கும் நூல்களுக்குக் கணக்கே இல்லை. ஓர் அறிஞரின் நினைவிடத்துக்கு இதனினும் பொருத்தமான காணிக்கை ஏது?

தென்னை மரமே அடையாளம்

இவ்வளவு பெயர்கள் நிலைத்திருக்கும் இதே நகரில் பெயர்கள் அழிந்ததும் உண்டு. ஜூஹு இஸ்லாமிய அடக்கத்தலத்தில் 1969இல் நடிகை மதுபாலாவும், 1980இல் பின்னணிப் பாடகர் முகமது ரஃபியும் அடக்கம் செய்யப்பட்டனர். கவிஞர் சாகிர் லூதியான்வியும் அங்கேயே. பின்னாளில் புதிய அடக்கங்களுக்கு இடமின்றிப் போனதால், 2010இல் மதுபாலா, ரஃபி உள்ளிட்டோரின் கல்லறைக் கட்டுமானங்கள் அகற்றப்பட்டு நிலம் மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. ரஃபியின் பிறந்த நாளிலும் நினைவு நாளிலும் வரும் இரசிகர்கள், அருகே நிற்கும் ஒரு தென்னை மரத்தை அடையாளமாக வைத்து அவ்விடத்தைக் கண்டுகொள்கின்றனர்.

இதில் குற்றம் காண இயலாது. மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த நகரம் இது. வாழ்பவர்க்கே இடம் போதாத ஊரில் இறந்தவர்க்கு நிலையான இடம் தருவது அரிது. குடும்பக் கல்லறை உடையோர் அதே குழியைத் திறந்து அடுத்த தலைமுறையை அடக்குகின்றனர். மற்றோர்க்குச் சில ஆண்டுகளுக்குப் பின் அவ்விடம் வேறொருவருக்கு உரியதாகிறது. எலும்புகளை எடுத்துச் சுவரில் அமைந்த சிறு மாடங்களில் வைத்துப் பெயர் பொறிக்கும் வழக்கமும் உண்டு. பெயரைக் காப்பதற்கு அங்கும் ஒருவர் உரிய காலத்தில் வந்து கேட்க வேண்டும்.

ரஃபிக்குத் தென்னை மரம் காட்ட ஆயிரம் இரசிகர் உண்டு. தாராவி அம்மையாரின் தாத்தாவுக்கு? அவரை அடக்கம் செய்த இடத்தை அறிந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்தனர். எவரும் எழுதி வைக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

நாம் செய்யக்கூடியவை

பெரியவர்களின் பெயரை வரலாறு காக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்களின் பெயரை நாமே காக்க வேண்டும். அதற்குப் பெரும் பொருள் தேவையில்லை.

முதலாவது, குடும்பக் குறிப்பேடு ஒன்று. முன்னோர் பெயர், பிறந்த ஊர், மறைந்த நாள், அடக்கம் அல்லது தகனம் நடந்த இடம், அடக்கச் சீட்டின் எண் ஆகியவற்றை அதில் எழுதுங்கள். கல்லறை இருப்பின் அதன் ஒளிப்படத்தையும், பக்கத்திலுள்ள நிலையான அடையாளத்தையும் சேர்த்து வையுங்கள்.

இரண்டாவது, இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்து சான்றிதழ் பெறுங்கள். அடக்கச் சீட்டு அதற்கு ஈடாகாது. வங்கி, காப்பீடு, ஓய்வூதியம் அனைத்துக்கும் அச்சான்றிதழே திறவுகோல்.

மூன்றாவது, உங்கள் கணக்குகளில் நாமினி பெயர் உள்ளதா என்று பாருங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாகக் குறிப்பிடலாம். நால்வருக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கலாம், அல்லது ஒருவருக்குப்பின் ஒருவர் என வரிசைப்படுத்தலாம். பாதுகாப்புப் பெட்டகத்துக்கு இரண்டாவது முறை மட்டுமே பொருந்தும்.

நான்காவது, மறைந்த பெற்றோரின் மறந்துபோன கணக்குகளைத் தேடுங்கள். பத்தாண்டுகள் எவரும் தொடாத வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் நிதியத்துக்கு மாற்றப்படுகிறது. உரிமை அத்துடன் முடிந்துவிடுவதில்லை. வாரிசுகள் எப்போது வேண்டுமானாலும் கணக்கிருந்த வங்கியை அணுகிக் கோரலாம். அவற்றைத் தேடுவதற்காக ரிசர்வ் வங்கி 2023இல் ‘உத்கம்’ என்ற இணையதளத்தைத் தொடங்கியது. ஆளில்லாத கல்லறையும் ஆளில்லாத கணக்கும் ஒரே காரணத்தால்தான் உண்டாகின்றன. அறிந்தவர் பிறரிடம் சொல்லாமலே சென்றுவிடுகிறார்.

மாலையானதும் சிவ்ரி நிலையத்தில் அந்த அம்மையாரை மீண்டும் கண்டோம். உடன் வந்திருந்த பேத்தியிடம் பிளாஸ்டிக் உறையைக் கொடுத்து, சீட்டிலுள்ள எண்ணை வாசிக்கச் சொல்லிக் கொண்டிருந்தார். சிறுமி முதன்முறை தவறாக வாசித்தாள். பாட்டி திருத்தினார். ரயில் வந்து நின்றபோது அவள் சீட்டைப் பார்க்காமலே அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டு ஏறினாள்.