பனியனும் பண்டிதரும்

புவியீர்ப்பின் விதியை வகுத்த ஐசக் நியூட்டன் பனியனோடு ஓர் ஓவியத்திற் காட்சியளிக்கின்றார் எனின், திருப்பூர்ப் பக்கத்தார் நகையாதிரார். ஆயினும் அது மெய்யே. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேம்ஸ் தார்ன்ஹில் தீட்டிய படத்தில் அப்பேரறிஞர் அணிந்திருப்பது பனியனே. அஃது இக்காலத்துக் கையில்லா உள்ளாடையன்று. உடலைத் தளரச் சூழ்ந்து தொங்கும் மேலங்கி. அக்காலத்து அறிஞர் பலர் அவ்வங்கியோடே தம் உருவை எழுதுவித்தனர். அவருள் ஒருவராகிய அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ரஷ் அதற்குக் காரணமுங் காட்டினார்: தளர்ந்த உடை மனத்தின் ஆற்றல்கள் தடையின்றி இயங்கத் துணைசெய்யுமாம்! சட்டைப் பித்தானே ஞானத்திற்குப் பகை என்னும் இத்தத்துவத்தைத் தேர்வு மண்டபத்திற் சோதித்துப் பார்க்க மாணவர் விரும்பக்கூடும், மேற்பார்வையாளர் இசைவாரோ?

இனிப் பெயரின் வரலாற்றை நோக்குவோம். பனியினின்று காப்பது பனியன் எனப் பொருளுரைத்தல் செவிக்கு இனிது. ஆனால், சித்திரை வெயிலில் வியர்வையை உறிஞ்ச அணியும் ஆடைக்குப் பனி எங்கிருந்து வந்தது? ஒலியொப்புமை உறவாகாது என்பதற்கு இச்சொல்லே தக்க சான்று.

வணிகனைக் குறிக்கும் வடசொல் 'வணிஜ்' என்பது. அதன் வழிவந்த குஜராத்திச் சொல் 'வாணியோ'. நம் 'வணிகன்' என்பதும் அவ்வினத்ததே. வாணியோ என்பது ஐரோப்பியர் நாவில் வகரம் பகரமாய்த் திரிந்து 'பனியன்' ஆயிற்று. ஒல்லாந்தர் கப்பல்களில் ஜப்பானிலிருந்து வந்த கிமோனோவின் சாயலில் அமைந்த அங்கிக்கு ஆங்கிலேயர் அப்பெயரை இட்டனர். ஆகவே வடிவம் ஜப்பானுடையது, பெயர் குஜராத்தினுடையது, உடுத்த உடலோ நியூட்டனுடையது!

அவ்வணிகன் பெயர் ஆடையோடு நின்றிலது. பாரசீக வளைகுடாக் கரையில் ஓர் ஆலமரத்தடியில் இந்திய வணிகர் கோயிலெடுத்து வழிபட்டமை கண்ட ஐரோப்பியர், அம்மரத்திற்கும் அப்பெயரே சூட்டினர். வணிகர் புலால் உண்ணாமையால், ஆங்கிலக் கடற்படையில் இறைச்சி வழங்காத நாள் 'பனியன் நாள்' எனப்பட்டது. உடை, மரம், நோன்பு மூன்றும் ஒரு பெயர்க்குள் அடங்கின.

அவ்வங்கி நாளடைவிற் சுருங்கி உள்ளாடையாயிற்று. பாவும் ஊடையுமின்றிக் கண்ணி கண்ணியாய்ப் பின்னப்படும் அதுவே இன்று நொய்யற்கரையில் எண்ணிறந்தோர்க்குச் சோறிடுகின்றது. திருப்பூரில் 'பனியன் கம்பெனி' என்று சொல்லாத நாவில்லை. கம்பெனி என்னுஞ் சொல்லோ, இலத்தீன் மொழியில் 'அப்பத்தை உடனுண்போர்' என்னும் பொருளடியாகப் பிறந்தது. இரண்டையுஞ் சேர்த்து நோக்கின், வணிகனோடு அப்பம் பகிர்ந்துண்ணுங் கூட்டமே பனியன் கம்பெனி.

சொற்பிறப்புச் சட்டமாகாது; அதைக் காட்டிக் கூலி கேட்டல் இயலாது. எனினும், நூல் சுற்றுவோரும் துணி வெட்டுவோரும் தையற்பொறியின்முன் இரவு கண்விழிப்போரும் அப்பந்தியிற் பங்குடையர் என்பதை அப்பெயர்ப்பலகை தன்னையறியாமலே சொல்லிக்கொண்டிருக்கின்றது. அதனைப் படிக்கத் தெரிந்தவர் மறவாதிருத்தல் நன்று.