பத்து ஜிகாபிட்டும் பதினாலு இட்லியும்

ஓட்டலில் 'பதினாலு இட்லி' என்று ஒரு அயிட்டம் உண்டு. குட்டிக் குட்டி இட்லிகள், சாம்பாரில் மூழ்கிக் கிடக்கும். எடை போட்டால் இரண்டு மூன்று பெரிய இட்லிக்கு மேல் தேறாது. ஆனால் கிச்சனில் நிற்பவரைக் கேட்டுப் பாருங்கள். பதினாலு குழியிலும் தனித்தனியாக மாவு விட வேண்டும். வெந்ததும் பதினாலையும் தனித்தனியாகப் பெயர்த்தெடுக்க வேண்டும். மாவுக் கணக்கு ஒன்று, கைவேலைக் கணக்கு வேறு.

விர்ச்சுவல் ஃபயர்வாலுக்கு அளவு போடும்போது பலரும் சறுக்குவது இங்கேதான். விளம்பரத் தாளில் '10 ஜிபிபிஎஸ்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது மாவுக் கணக்கு. ஃபயர்வாலுக்கு வலிப்பதோ கைவேலை. வந்த பாக்கெட் பெரியதோ சின்னதோ, அதைப் பிரித்து, முகவரி பார்த்து, விதிப்பட்டியலிலோ செஷன் பட்டியலிலோ தேடி, அனுப்பு அல்லது தடு என்று முடிவெடுக்கும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

ஈத்தர்நெட்டில் மிகச் சிறிய ஃபிரேம் 64 பைட். கம்பியில் ஒவ்வொன்றோடும் இன்னும் 20 பைட் அளவு இடம் போகும். 10 ஜிகாபிட் இணைப்பைக் குட்டி ஃபிரேம்களால் நிரப்பினால் விநாடிக்குச் சுமார் 1 கோடியே 48 லட்சம் பாக்கெட். 1,518 பைட் பெரிய ஃபிரேம்களால் நிரப்பினால் சுமார் 8 லட்சத்து 12 ஆயிரம். அதே 10 ஜிகாபிட், வேலையில் 18 மடங்கு வித்தியாசம்! குட்டி பாக்கெட் ஒன்றுக்குக் கிடைக்கும் நேரம் 67 நானோ விநாடி. 3 ஜிகாஹெர்ட்ஸ் கோருக்கு அது 200 துடிப்பு. மெயின் மெமரிக்கு ஒருமுறை போய்வரவே கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் பிடிக்கும். மாஸ்டர் ஸ்டோர் ரூமுக்கு உப்பு எடுக்கப் போய்த் திரும்புவதற்குள் அடுத்த ஆர்டர் வந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது ஏதோ சோதனைக்கூட விஷயம் என்று நினைக்க வேண்டாம். ஐபி தொலைபேசியை எடுத்துக்கொள்வோம். பரவலாக உள்ள ஜி.711 முறையில் ஒரு பக்கத்துக் குரல் விநாடிக்கு 50 பாக்கெட்டாகப் போகும், ஒவ்வொன்றும் 200 பைட். ஒரே நேரத்தில் 1,000 அழைப்பு நடந்தால் இரு திசையும் சேர்த்து விநாடிக்கு ஒரு லட்சம் பாக்கெட். மொத்தம் 160 மெகாபிட்தான். அதே 160 மெகாபிட்டுக்கு யாரோ வீடியோ இறக்கினால் 13,000 சொச்சம் பாக்கெட்டோடு முடிந்துவிடும். கால் சென்டருக்கும் வீடியோ ஸ்டூடியோவுக்கும் ஒரே அளவு ஃபயர்வாலைப் பரிந்துரைப்பவரை நான் நம்பமாட்டேன்.

1999-இல் வந்த ஆர்எஃப்சி 2544 என்ற சோதனை முறை, 64 முதல் 1,518 பைட் வரை பல அளவுகளில் அளக்கச் சொல்கிறது. விளம்பரத் தாளில் எந்த அளவுக்கான எண் ஏறும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பாதுகாப்புக் கருவிகளுக்கென்றே 2023-இல் ஆர்எஃப்சி 9411 வந்தது. நிஜ வலைப் போக்குவரத்தைப்போல, மறைகுறியாக்கத்தோடு சோதிக்கும் முறை அது. விற்க வருபவரிடம் அந்த முறையில் எடுத்த எண் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, 'விர்ச்சுவல்' எங்கே வருகிறது? பெட்டியாக வந்த ஃபயர்வால்கள் பலவற்றில் அந்த வேலைக்கென்றே செய்த சிப் இருக்கும். விர்ச்சுவல் ஃபயர்வால் வெறும் மென்பொருள். பொதுவான சர்வரில், மற்றவர்களோடு இடம் பகிர்ந்து ஓடுகிறது. வாடகைக் கிச்சன் என்றே சொல்லலாம். அடுத்த அறையில் பிரியாணிக்காரர் பெரிய அண்டாவைப் பற்றவைத்தால் உங்கள் அடுப்பில் தீ இறங்கும். லினக்ஸில் இது 'ஸ்டீல்' நேரமாகவும், விஎம்வேரில் 'ரெடி' நேரமாகவும் தெரியும். ஃபயர்வாலுக்கென்று கோர்களை ஒதுக்கிப் பூட்டிவிடுவதே இதற்கு வழி. வேறெந்த விர்ச்சுவல் மெஷினோடும் பகிரலாம், ஃபயர்வாலோடு மட்டும் கூடாது என்பது என் கட்சி.

வி-சிபியு என்ற சொல்லிலும் ஒரு வில்லங்கம் உண்டு. கிளவுடில் பெரும்பாலும் ஒரு வி-சிபியு என்பது முழுக் கோர் அல்ல, அதன் ஒரு ஹைப்பர்த்ரெட். ஒரு சிலிண்டரில் இரண்டு பர்னர். இரண்டையும் முழுசாகத் திருகினால் இரண்டு சிலிண்டரின் தீ வந்துவிடுமா?

அடுப்பை ஏற்றிக்கொண்டே போனாலும் தீராத ஒரு சிக்கல் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் இரவு பேக்கப் ஆமை வேகத்தில் போனது. 4 வி-சிபியுவை 8 ஆக்கினார்கள், பிறகு 16. பேக்கப் அதே வேகத்தில்தான் போனது. காரணம், வரும் பாக்கெட்டுகளை நெட்வொர்க் அட்டை கோர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது முகவரி, போர்ட் எண்களை வைத்து. ஒரே இணைப்பின் பாக்கெட்டுகள் எல்லாம் ஒரே கோருக்குத்தான் போகும். இல்லாவிட்டால் வரிசை கலைந்துவிடும். மேசை நீளத்துக்கு ஒரு ஃபேமிலி ரோஸ்ட் கேட்டால் அதை ஒரே கல்லில்தான் வார்க்க வேண்டும். பக்கத்தில் பதினைந்து கல் சும்மா காய்ந்தாலும் பயனில்லை. பேக்கப்பைப் பல இணைப்புகளாகப் பிரித்து ஓடவிட்ட பிறகுதான் விடிவு வந்தது. அமேசான் கிளவுடில் இதற்கு வெளிப்படையான உச்சவரம்பே உண்டு: அருகருகே வைக்கும் சிறப்பு ஏற்பாடு இல்லாத சர்வர்களுக்கிடையே, சாதாரணமாக ஒரு தனி இணைப்புக்கு 5 ஜிகாபிட். எவ்வளவு பெரிய சர்வர் எடுத்தாலும் அவ்வளவுதான்.

வேகத்துக்கு இரண்டு குறுக்குவழிகள் பிரபலம். ஒன்று எஸ்ஆர்-ஐஓவி: நடுவில் ஹைப்பர்வைசர் (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருள்) என்ற பரிமாறுபவரை நிறுத்தாமல், கிச்சன் சுவரில் ஓட்டை போட்டு நேராகத் தட்டை வாங்குவது. வசதிதான், ஆனால் ஓட்டை போட்ட கிச்சனை ஓடிக்கொண்டிருக்கும்போதே வேறு கட்டடத்துக்கு மாற்றுவது கஷ்டம். இன்னொன்று டிபிடிகே. ஆர்டர் வந்தால் மணியடி என்று சொல்லாமல், மாஸ்டர் கவுன்டரையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். கல் எப்போதும் காய்ந்தபடியே இருக்கும். அதனால் ஒரு பாக்கெட்கூட வராத நள்ளிரவிலும் அந்தக் கோர் 100 சதவீதம் என்று ஹைப்பர்வைசர் காட்டும். அதைப் பார்த்துப் பதறிக் கூடுதல் சிபியு வாங்கியவர்கள் உண்டு.

இனி, சோதனையின் ஆழம். வாசலில் டோக்கனை மட்டும் பார்த்து உள்ளே விடுவது ஒரு வேலை. டிபன் கேரியரைத் திறந்து ஒவ்வொரு அடுக்கையும் ருசி பார்ப்பது வேறு வேலை. பூட்டிய கேரியரின் பூட்டைத் திறந்து, ருசி பார்த்து, உங்கள் பூட்டைப் போட்டு அனுப்புவது மூன்றாவது. டிஎல்எஸ் பிரித்துப் பார்ப்பது அதுதான். இன்றைய வலைப் போக்குவரத்தில் பெரும்பகுதி பூட்டிய கேரியர். ஆகவே விளம்பரத் தாளில் வெறும் ஃபயர்வால் வேகத்தை விட்டுவிட்டு, எல்லாச் சோதனையும் ஓடும்போது வரும் கடைசி வரி எண்ணைப் பாருங்கள். அது முதல் எண்ணில் பாதிகூட இல்லாமல் போகலாம்.

வாசல் வேறு, நாற்காலி வேறு. விநாடிக்கு எத்தனை புது இணைப்பு என்பது வாசல்; ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பு என்பது நாற்காலி. வாசல் வேலை சிபியுவைத் தின்னும், நாற்காலி மெமரியைத் தின்னும். இரண்டையும் முடிச்சுப் போடும் விதியை 1961-இல் ஜான் லிட்டில் நிறுவினார்: வரும் வேகத்தை இருக்கும் நேரத்தால் பெருக்கு. விநாடிக்கு 5,000 இணைப்பு வந்து, ஒவ்வொன்றும் 60 விநாடி இருந்தால் 3 லட்சம் நாற்காலி வேண்டும். சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்காதவர்கள்தான் தலைவலி. பல ஃபயர்வால்களில் சும்மா கிடக்கும் டிசிபி இணைப்பை ஒரு மணி நேரம்வரை விட்டுவைப்பதே இயல்பு அமைப்பு. மெமரி போதவில்லை என்று பர்ஸைத் திறப்பதற்குமுன் அந்த நேரத்தைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள்.

கடைசியாக இரட்டைக் கிச்சன். இரண்டு ஃபயர்வாலும் சேர்ந்து வேலை செய்ய, ஒவ்வொன்றும் 55 சதவீதச் சுமையில் இருந்தால் திரையில் எல்லாம் பச்சையாகத்தான் தெரியும். ஒன்று விழுந்தால் மற்றது 110 சுமக்க வேண்டும். செஷன் பட்டியலை இரண்டும் பகிர்ந்துகொள்ளவில்லை என்றால் இன்னும் மோசம்: பந்தியில் பாதிச் சாப்பாட்டில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து மறுபடி டோக்கன் கேட்பார்கள், பூட்டிய கேரியரோடு. வாங்குவதற்குமுன் உங்கள் சொந்தப் போக்குவரத்தை ஓடவிட்டு, உச்ச நேரத்தில் ஒன்றை அணைத்துப் பாருங்கள். உயிரோடு இருப்பதில், முதல் ஒரு நிமிடத்துக்கு, விநாடிக்கு வரும் புது இணைப்பின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கொட்டேஷன் கேட்கும்போது அதையும் சேர்த்து அனுப்புங்கள்.